நாயின் பெயர் தெரிகிறது, அது நொண்டுவதைச் சொல்லத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் விலங்குகளின் ஆங்கிலப் பெயர்கள் 'ஏ' முதல் 'இசட்' வரை வண்ணப் படங்களோடு வந்திருந்ததைப் பார்த்தேன். குழந்தைகள் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி அழகாகச் செய்திருக்கிறீர்கள். அதற்கு என் பாராட்டு. அந்தப் பக்கம் இன்னும் தொடரும் என்று கீழே போட்டிருந்ததால்தான் இந்தக் கடிதம். தொடர்வதற்கு முன் ஒரு கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கால்நடை மருத்துவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என்னிடம் வரும் நோயாளி பேசாது. அழைத்து வருகிறவர் சொல்வதைக் கேட்டுத்தான் எங்கே கை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்வேன். அதனால் விலங்குகளைப் பற்றி மனிதர்கள் எந்தச் சொற்களில் பேசுகிறார்கள் என்பதை என்னைப் போல் உற்றுக் கேட்டவர்கள் குறைவு. தமிழில் பேசும்போது படிக்காதவர்கள்கூட அற்புதமாகச் சொல்வார்கள். "நேத்து ராத்திரியிலிருந்து அசை போடல, காது தொங்கிப்போச்சு, பின்னங்காலைச் சாய்ச்சு நிக்குது" என்பார்கள். அந்த ஒரே வாக்கியத்தில் எனக்கு வேண்டியது பாதி வந்துவிடும். அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய இடத்தில், நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறுமி. ஆறாம் வகுப்பு இருக்கும். வேற்று மொழிக் குடும்பம் ஒன்று அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தது, பொதுமொழி ஆங்கிலம்தான். அந்த வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்று இவளும் கூடவே வந்திருந்தாள், நாயின் மேல் அவ்வளவு பிரியம். காத்திருக்கும் நேரத்தில் சுவரில் இருந்த படங்களைப் பார்த்து 'ஹிப்போபொட்டமஸ்', 'ரைனோசரஸ்', 'சிம்பன்ஸி' என்று பிசிறில்லாமல் படித்தாள். நாயோடு அதிக நேரம் இருந்தவள் அவள்தான் என்பதால், அது எப்படி நடக்கிறது என்று அந்த வீட்டு அம்மாவுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன். "டாக் வாக்கிங்... டாக் வாக்கிங்..." என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, எழுந்து நின்று, ஒரு காலைத் தூக்கி நொண்டிக் காட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. 'லிம்ப்' என்ற சின்னச் சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நான்கு எழுத்துச் சொல். ஹிப்போபொட்டமஸுக்கு ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து.

இதுதான் என் குறை. விலங்குகளின் பெயர்களைச் சொல்லித் தருகிறோம். விலங்குகளைப் பற்றிப் பேசச் சொல்லித் தருவதில்லை. எந்தப் பெயரைச் சொல்லித் தருவது என்பதைக்கூட வாழ்க்கை முடிவு செய்யவில்லை, அகரவரிசை முடிவு செய்கிறது. 'ஒய்' எழுத்துக்கு 'யாக்'கை விட்டால் ஆளில்லை என்பதால் பனிமலை எருமை ஒன்று எல்லாப் பட்டியலிலும் இடம் பிடித்துவிடுகிறது. 'ஐ'க்கு 'இகுவானா'. 'எக்ஸ்' வரும்போது யாருக்கும் எதுவும் கிடைக்காமல், எலும்பு தெரியும் கண்ணாடி மீன் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதே நேரத்தில் 'சி' எழுத்துக்குப் பூனையைப் போட்டுவிட்டால் காகம், பசு, கன்று, கரப்பான், நண்டு, ஒட்டகம் எல்லாம் வெளியே நிற்கின்றன. குழந்தை தினமும் பார்க்கிற காகம் இல்லாமல், வாழ்நாளில் பார்க்காத யாக் இருக்கிற பட்டியல் எழுத்து கற்பிக்கப் பயன்படலாம். விலங்கைப் பற்றிப் பேசக் கற்பிக்காது.

ஒரு விலங்கைப் பற்றிப் பேச முதலில் வேண்டியது வினைச்சொல். நாயையே எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மிகப் பழக்கமான நோயாளி. நாய் குரைத்தால் 'பார்க்'. பல்லைக் காட்டி உறுமினால் 'க்ரௌல்'. கதவுக்குப் பின்னால் நின்று முனகினால் 'வைன்'. கழுத்தை உயர்த்தி ஊளையிட்டால் 'ஹௌல்'. தொட்டதும் வீலென்று கத்தினால் 'யெல்ப்'. இவை ஐந்தும் ஐந்து வேறு செய்திகள். "இங்கே தொட்டால் யெல்ப் செய்கிறது" என்று ஒருவர் சொன்னால் வலி இருக்கும் இடம் எனக்குத் தெரிந்துவிடும். "தொட்டால் க்ரௌல் செய்கிறது" என்றால் வாய்க்கட்டு போட்டுவிட்டுத்தான் தொடுவேன். எல்லாவற்றையும் 'பார்க்கிங்' என்று சொன்னால் மருத்துவருக்கும் ஒன்றும் கிடைக்காது, நாய்க்கும் ஒன்றும் கிடைக்காது. 'பேண்ட்' என்று ஒரு வினை உண்டு, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை; பாதத்து மெத்தைகளில் சிறிது வியர்க்கும், மற்றபடி இப்படி இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஓடிவந்த நாய் இரைப்பது இயல்பு. நிழலில் படுத்திருக்கும் நாய் நிற்காமல் இரைத்தால் உடனே கவனிக்க வேண்டும். இந்த ஒரு சொல்லைக் கற்பிக்கும்போதே இந்த அறிவும் குழந்தைக்குப் போய்ச் சேரும். அப்புறம் 'ஸ்க்ராட்ச்', சொறிவது. 'ட்ரூல்', எச்சில் வழிவது. 'ஷிவர்', நடுங்குவது. 'வாக்', வாலாட்டுவது, இதை நடப்பதற்கான 'வாக்'கோடு குழப்பாமல் இருக்க, வாலாட்டும் சொல்லின் முடிவில் வருவது 'ஜி' என்று எழுதிக் காட்ட வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், காதில் ஒன்றல்ல.

இனி நான் சொல்லப்போவது மொழிப் பாடத்தைத் தாண்டியது. ஆசிரியர் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கடித்தது, பிராண்டியது, நக்கியது, கொட்டியது என்ற நான்கு வினைகளும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் தாய்மொழியிலும், கற்கும் ஆங்கிலத்திலும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பைட்', 'ஸ்க்ராட்ச்', 'லிக்', 'ஸ்டிங்'. ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் வராமல் தடுக்க மருத்துவம் செய்யும்போது உலக சுகாதார நிறுவனம் காயங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அந்தப் பிரிவே இவற்றில் முதல் மூன்று வினைகளின் மேல்தான் பெரிதும் நிற்கிறது. விலங்கைத் தொட்டது, உணவு கொடுத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது ஆகியவை முதல் வகை. கழுவிக்கொண்டால் போதும், ஊசி வேண்டியதில்லை. தோலை லேசாகக் கவ்வியது, ரத்தம் வராமல் பிராண்டியது இரண்டாம் வகை. கழுவியபின் உடனே தடுப்பூசி தொடங்க வேண்டும். தோலைக் கிழித்துக்கொண்டு போன கடி அல்லது பிராண்டல், புண்ணுள்ள தோலை நக்கியது, வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது, வௌவால் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு, நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் தேவை. எந்த வகைக் காயமானாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைத்தவர்கள் அபூர்வத்திலும் அபூர்வம்.

மருத்துவர் "பைட் ஆர் ஸ்க்ராட்ச்?" என்று கேட்கும்போது விழிக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வெளியூரில், வெளிநாட்டில், விடுதியில் இருக்கிற பிள்ளைக்கு இந்த நிலை எளிதில் வரும். முழங்காலில் ஏற்கெனவே சிராய்ப்பு இருந்தது, அதை நாய்க்குட்டி நக்கியது என்று சொல்ல 'லிக்' தெரிய வேண்டும். குட்டிதானே, கடிக்கவில்லையே என்று பெரியவர்கள் விட்டுவிடுகிற இடமும் இதுதான். லூயி பாஸ்டர் இறந்த நாளான செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்து மாணவர் பக்கத்தில் இந்த நான்கு வினைகளை மட்டும், நான்கு படங்களோடு போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொட்டுவதையும் கடிப்பதையும் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தமிழில் தேளும் தேனீயும் குளவியும் கொட்டும். பாம்பும் கொசுவும் எறும்பும் கடிக்கும். ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அப்படியே: தேளுக்கும் தேனீக்கும் 'ஸ்டிங்', பாம்புக்கும் கொசுவுக்கும் 'பைட்'. தமிழ் தெரிந்த குழந்தைக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை, இருப்பதோடு சேர்த்துக் கட்டினால் போதும். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது தோலிலேயே தங்கிவிடும், உடனே அகற்ற வேண்டும். குளவி கொட்டிவிட்டுக் கொடுக்கோடு பறந்துவிடும், மறுபடியும் கொட்டும். அதேபோல் 'வெனமஸ்', 'பாய்சனஸ்' இரண்டுக்கும் நாம் விஷமுள்ளது என்று ஒரே பொருள் எழுதுகிறோம். கடித்தோ கொட்டியோ விஷத்தைச் செலுத்துவது வெனமஸ். தின்றாலோ தொட்டாலோ நமக்குக் கேடு செய்வது பாய்சனஸ். நாகம் முதல் வகை. தோலில் நஞ்சு சுரக்கும் தேரை இரண்டாம் வகை. நாய் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளி வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு மறக்காது.

நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கடினம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ் இலக்கண வகுப்பில் மரபுச் சொற்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், பாம்பு சீறும், ஆந்தை அலறும், வண்டு முரலும். ஒவ்வொரு பெயருக்கும் அதற்குரிய வினையை இணைத்தே கற்பித்த மொழி நம்முடையது. தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதையும் எண்ணிச் சொல்லி, எது எதற்கு உரியது என்றும் வகுத்துவிட்டுத்தான் நகர்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு யானை 'ட்ரம்பெட்' செய்யும், குதிரை 'நே' செய்யும், பாம்பு 'ஹிஸ்' செய்யும், புறா 'கூ' செய்யும், தவளை 'க்ரோக்' செய்யும் என்பது ஒரு வகுப்பில் முடிகிற வேலை. தமிழ் வகுப்பில் கட்டி வைத்த வீட்டை ஆங்கில வகுப்பில் நாமே பூட்டிவிடுகிறோம்.

இளமைப் பெயர்களில் ஒரு ஒற்றுமை எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். பசுவின் குட்டியைக் கன்று என்கிறோம், யானையின் குட்டியையும் கன்று என்கிறோம். ஆங்கிலமும் இரண்டையும் 'காஃப்' என்றே சொல்கிறது, திமிங்கிலத்தையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிக்காரர்கள் இரண்டு பெரிய தாய்களைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். சிங்கம், புலி, கரடி இவற்றின் குட்டி 'கப்'. பூனைக்கு 'கிட்டன்', நாய்க்கு 'பப்பி', வெள்ளாட்டுக்கு 'கிட்', செம்மறிக்கு 'லாம்ப்', குதிரைக்கு 'ஃபோல்', மானுக்கு 'ஃபான்'. குதிரைக் குட்டிக்கு 'போனி' என்று பல பட்டியல்களில் பார்க்கிறேன். அது தவறு. போனி என்பது உருவில் சிறிய குதிரை இனம், கிழடான பின்பும் அது போனிதான். ஆங்கிலம் இந்த இளமைப் பெயர்களையே வினையாகவும் ஆக்கிக்கொள்கிறது. பசு ஈன்றால் 'காவ்', செம்மறி ஈன்றால் 'லாம்ப்', குதிரை ஈன்றால் 'ஃபோல்'. நாங்கள் பதிவேட்டில் எழுதுவதெல்லாம் இந்தச் சொற்கள்தான். லாம்பில் கடைசி எழுத்தும் காஃபில் நடு எழுத்தும் ஒலிக்காது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆட்டைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். உங்கள் பட்டியலில் 'கோட்' என்று எழுதி, மேலே செம்மறியின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். பாடநூல்களிலும் இது சாதாரணமாக நடக்கிறது. காரணம் தெரிந்ததுதான்: தமிழில் இரண்டுக்கும் பொதுவாக ஆடு என்ற பெயர் இருக்கிறது, ஆங்கிலப் பேச்சு வழக்கில் அப்படி ஒரு பொதுப்பெயர் இல்லை. வெள்ளாடு 'கோட்', செம்மறி 'ஷீப்', அவ்வளவுதான். படம் தேர்ந்தெடுப்பவருக்கு எளிய அடையாளம் ஒன்று தருகிறேன். வாலைப் பாருங்கள். வெள்ளாட்டின் வால் மேல் நோக்கி நிற்கும், செம்மறியின் வால் கீழே தொங்கும். தாடி இருந்தால் வெள்ளாடு. மேய்ச்சலிலும் வேறுபாடு உண்டு. செம்மறி தலையைக் குனிந்து தரையில் புல்லை மேயும். அதற்கு ஆங்கிலத்தில் 'க்ரேஸ்'. வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை வளைத்துத் தழையைக் கடிக்கும், அதற்கு 'ப்ரௌஸ்'. இணையத்தில் ஒவ்வொரு பக்கமாகத் துழாவுகிறோமே, அந்த 'ப்ரௌஸிங்' இந்த வெள்ளாட்டு வேலையிலிருந்து வந்த சொல்தான். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது. ஷீப் என்பதை நெடிலாகச் சொல்ல வேண்டும், குறிலானால் கப்பலாகிவிடும். குறில் நெடில் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு குறிப்பே போதும்.

மாட்டிலும் இதே சிக்கல். மாடு என்றால் உடனே 'கௌ' என்று எழுதுகிறோம், அது பசு மட்டும்தான். காளை 'புல்', காயடித்து உழவுக்கும் வண்டிக்கும் பழக்கிய எருது 'ஆக்ஸ்' அல்லது 'புல்லக்', இன்னும் கன்று ஈனாத கிடாரி 'ஹெஃபர்'. எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு 'கேட்டில்' உண்டு, ஆனால் அது எப்போதும் பன்மை. ஒரே ஒரு மாட்டைச் சுட்ட அதை வைத்துக்கொள்ள முடியாது. பசுவைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி அசை போடுகிறதா என்பதுதான். ஆங்கிலத்தில் அது 'சூயிங் தி கட்'. நான்கு அறை கொண்ட வயிற்றிலிருந்து தீனி வாய்க்குத் திரும்பி வந்து மறுபடி மெல்லப்படுவது. இந்தச் சொற்றொடர் எந்தக் குழந்தைகள் பட்டியலிலும் இல்லை. அசை போடும் விலங்குகளை ஒரு வரிசையில் நிறுத்தினால் பசு, எருமை, ஆடு, மான், ஒட்டகச்சிவிங்கி என்று அறிவியல் பாடமே அதில் வந்துவிடும்.

சிறுத்தை என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். 'லெப்பர்ட்' என்பதற்கும் 'சீட்டா' என்பதற்கும் நம் எழுத்தில் சிறுத்தை என்றே வருகிறது. லெப்பர்டின் உடம்பில் ரோஜாப்பூ இதழ் விரித்ததுபோல் வளையங்களாகப் புள்ளிகள் இருக்கும். சீட்டாவுக்குத் திட்டுத் திட்டாக முழுக்கரும்புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்ததுபோல் கறுப்புக் கோடு. சீட்டாவால் கர்ஜிக்க முடியாது, பூனையைப்போல் 'பர்' என்று குறுகுறுக்கும். இதற்குச் சிவிங்கிப்புலி என்று தமிழிலேயே பெயர் இருக்கிறது, நாளிதழ்கள் அதைத் தயங்காமல் எழுத வேண்டும். மற்ற இரட்டைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடலாமை 'டர்ட்டில்', நிலத்தாமை 'டார்ட்டாய்ஸ்'. எலி 'ராட்', சுண்டெலி 'மௌஸ்'. வாலில்லாக் குரங்கினம் 'ஏப்', வாலுள்ளது 'மங்கி'. கோலாவைக் கரடி என்று எழுதாதீர்கள், அது குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கு. சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிகள் வரிசையில் அதைப் போடக்கூடாது.

சில இடங்களில் தமிழ்தான் நுணுக்கம். பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்று நாம் தனித்தனியே சொல்வதை ஆங்கிலப் பேச்சு 'லிசர்ட்' என்று ஒன்றாக அடக்கிவிடும். வேண்டும்போது மட்டும் 'கெக்கோ', 'ஸ்கிங்க்', 'மானிட்டர்' என்று பிரிக்கும். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருக்கும் மொழி, நம்முடையது வைத்திராத மொழி என்ற எண்ணம் அவர்கள் மனதில் விழக்கூடாது. கீரிக்குரிய 'மங்கூஸ்' மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதனால்தான் வாத்தினமான 'கூஸ்' பன்மையில் 'கீஸ்' ஆவதுபோல் இது மாறாது, 'மங்கூஸஸ்' என்றே வரும். பெருச்சாளிக்குரிய 'பாண்டிகூட்' தெலுங்கின் பந்திக்கொக்கு. ஷீப்பும் 'டீர்' என்ற மானும் பன்மையிலும் மாறாமல் நிற்கும். இந்த டீர் பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்குக்கும் பொதுப்பெயராக இருந்தது, பின்னால் மானுக்கு மட்டும் சுருங்கியது. அதன் உறவுச் சொல் ஜெர்மனில் இன்னமும் விலங்கு என்றே பொருள்படுகிறது.

உறுப்புகளில் பத்துப் பன்னிரண்டு போதும். நாய்க்கும் பூனைக்கும் பாதம் 'பா', மாட்டுக்கும் குதிரைக்கும் 'ஹூஃப்'. நகம் 'க்ளா', அலகு 'பீக்', மடி 'அட்டர்', பிடரிமயிர் 'மேன்'. கொம்பில் மட்டும் கவனம் தேவை. மாட்டின் கொம்பு 'ஹார்ன்', வாழ்நாள் முழுதும் இருக்கும். மானின் கிளைத்த கொம்பு 'ஆன்ட்லர்', ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். யானையின் தந்தம் கொம்பே அல்ல, வளர்ந்த வெட்டுப்பல்.

கூட்டப் பெயர்களைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. காகக் கூட்டத்துக்கு 'மர்டர்', ஆந்தைக் கூட்டத்துக்கு 'பார்லிமென்ட்' என்றெல்லாம் வினாத்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு வேர், 1486-இல் இங்கிலாந்தில் அச்சான வேட்டை நூல் ஒன்றில் இருக்கும் பட்டியல். உயர்குடியினர் தங்கள் நாகரிகத்தைக் காட்டிக்கொள்ளக் கற்ற சொற்கள் அவை. ஆங்கிலேயர் வீட்டில்கூட அன்றாடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மாட்டுக்கும் யானைக்கும் 'ஹெர்ட்', ஆட்டுக்கும் பறவைக்கும் 'ஃப்ளாக்', ஓநாய்க்கும் காட்டுநாய்க்கும் 'பாக்', தேனீக்கு 'ஸ்வார்ம்', மீனுக்கு 'ஷோல்', ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு 'லிட்டர்'. இதற்கு மேல் பள்ளிப்பருவத்தில் அவசியமில்லை. லிம்ப் தெரியாத பிள்ளையிடம் ஆந்தைப் பார்லிமென்ட்டைக் கேட்பதை நான் எதிர்க்கிறேன்.

அது, இது என்பதிலும் ஒரு சொல். தமிழில் விலங்கு அஃறிணை, அதனால் நம் பிள்ளைகள் இயல்பாகவே 'இட்' என்று சொல்கிறார்கள், அது இலக்கணப்படி சரி. ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ப்பு விலங்கை 'ஹீ', 'ஷீ' என்பதே வழக்கம். "ஷீ இஸ் நாட் ஈட்டிங்" என்று ஒருவர் சொல்லும்போது வீட்டில் யாரோ பெண்பிள்ளை சாப்பிடவில்லை என்று நம் பிள்ளை நினைத்துக்கொள்ளக் கூடாது. தெருவில் போகும் தெரியாத விலங்குக்கு 'இட்', பெயர் வைத்து வளர்க்கும் விலங்குக்கு 'ஹீ' அல்லது 'ஷீ' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

ஆகவே என் வேண்டுகோள்: அடுத்த இதழிலிருந்து 'ஏ' முதல் 'இசட்' வரிசையை நிறுத்திவிட்டு, வாரம் ஒரே ஒரு விலங்கை எடுங்கள். குழந்தை கண்ணால் பார்க்கிற விலங்காக இருக்கட்டும். பூனை, நாய், காகம், பசு, எறும்பு, பல்லி, அணில். அதன் பெயர், குட்டியின் பெயர், அது எழுப்பும் ஒலி, நான்கைந்து உறுப்புகள், அது செய்யும் ஏழெட்டு வேலைகள், அதற்கு உடம்பு சரியில்லாதபோது சொல்ல வேண்டிய இரண்டு மூன்று வாக்கியங்கள். இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். யாக்கும் இகுவானாவும் பிறகு வரட்டும், அவையும் நல்ல விலங்குகளே.

முதல் வாரத்துக்குப் பூனையை நானே எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். மியாவ் என்பதற்கு 'மியூ', குறுகுறுப்பதற்கு 'பர்', சீறுவதற்கு 'ஹிஸ்', முதுகை வளைப்பதற்கு 'ஆர்ச்', நக்கிச் சுத்தம் செய்வதற்கு 'க்ரூம்', பதுங்கிச் செல்வதற்கு 'ஸ்டாக்', பாய்வதற்கு 'பௌன்ஸ்', மீசைக்கு 'விஸ்கர்ஸ்'. பூனை மகிழ்ச்சியில் மட்டும் 'பர்' செய்வதில்லை, வலியிலும் பயத்திலும்கூட அப்படிச் செய்யும் என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறேன். அதைத் தயவுசெய்து வெட்டாதீர்கள், பூனை வளர்க்கும் பெரியவர்களிலேயே பலருக்கு அது தெரியாது. கட்டணம் எதுவும் வேண்டாம். படத்தைப் பற்றி மட்டும் ஒன்று: தூங்குகிற பூனையைப் போட வேண்டாம். மரத்தைப் பிராண்டிக்கொண்டிருக்கும் பூனையாகப் பார்த்துப் போடுங்கள், உள்ளே மறைந்திருக்கும் நகம் வெளியே நீண்டு தெரியும். க்ளா, ஸ்க்ராட்ச் இரண்டையும் அந்த ஒரு படத்திலேயே காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்